மாற்றுத்திறனாளி இளைஞர்களை ஆராயக் குடும்ப மாதிரி ஆய்வுத் தரவைப் பயன்படுத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளம் வயது மாற்றுத்திறனாளிகளின் கல்வி, வேலை, வாழ்க்கைநிலை ஆகியவற்றைப் பற்றி எழுத விரும்பும் ஆய்வு மாணவர்கள், தன்னார்வ அமைப்பினர், செய்தியாளர் ஆகியோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. எடுத்துக்காட்டுகள் இந்தியத் தரவிலிருந்து எடுக்கப்பட்டவை. தமிழ்நாட்டின் எண்கள் தனியாகப் பாடம் சொல்லும் இடத்தில் அவையும் சேர்க்கப்பட்டுள்ளன.

குடும்ப மாதிரி ஆய்வுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் என்ன வேறுபாடு? அடையாள அட்டைப் பதிவேடு போதாதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் செல்கிறது; ஆனால் ஒருவரைப் பற்றி மிகக் குறைவாகவே கேட்கிறது. குடும்ப மாதிரி ஆய்வு, முறைப்படி தேர்ந்தெடுத்த சில ஊர்களில் சில வீடுகளுக்கு மட்டும் சென்று, அங்கே வசிக்கும் ஒவ்வொருவரின் வயது, படிப்பு, வேலை, குடும்பச் செலவு முதலியவற்றை விரிவாகக் கேட்கிறது. அடையாள அட்டைப் பதிவேடு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. விண்ணப்பித்து, மருத்துவக் குழுமுன் சென்று, சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். மத்திய அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்றில் (2018) மாற்றுத்திறனாளிகளில் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 விழுக்காட்டினர்தான். பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இளைஞர்களின் நிலையை எழுதினால், அரசு அலுவலகத்தின் வாசல்வரை வந்து சேர்ந்தவர்களின் நிலையைத்தான் எழுதியதாகும். வராதவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அந்தப் பதிவேட்டில் இருக்காது.

இந்தியாவில் இதற்குப் பயன்படும் ஆய்வுகள் எவை?

முதலில் பார்க்கவேண்டியது, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தேசிய மாதிரி ஆய்வு 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்திய 76ஆம் சுற்று. இதே பொருளில் 1981, 1991, 2002 ஆகிய ஆண்டுகளிலும் சுற்றுகள் நடந்துள்ளன. 76ஆம் சுற்றின் வினாப்பட்டியல், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பின்பற்றியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே ஏற்றிருந்தது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக விரித்து, புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. இளைஞர்களைப் படிப்பவர்களுக்கு இவ்விரண்டும் முக்கியமானவை.

2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, குடும்ப உறுப்பினர்களுக்கு உடற்குறை அல்லது மனக்குறை உண்டா என்று ஒரு கேள்வி கேட்டது. அடுத்த சுற்றில் அக்கேள்வி கைவிடப்பட்டது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் அதை எதிர்த்தன, அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஊட்டச்சத்து, மகப்பேறு, குடும்ப வன்முறை ஆகியவற்றோடு உடற்குறையை ஒரே கோப்பில் இணைத்துப் பார்க்கும் வழி அத்துடன் அடைபட்டது.

ஒரே குடும்பத்தை ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்திக்கும் ஆய்வு வேண்டுமென்றால் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு இருக்கிறது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05இல் 41,554 குடும்பங்களில் அதை நடத்தின. 2011-12இல் அவற்றில் ஏறத்தாழ 83 விழுக்காட்டுக் குடும்பங்களை மறுபடியும் சந்தித்தன. ஒரு கிலோமீட்டர் நடப்பது, கேட்பது, பேசுவது, தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது போன்ற செயல்களில் சிரமம் உண்டா என்று எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் குறித்து அது கேட்டது. முதல் சந்திப்பில் 10 வயதாக இருந்த பிள்ளை இரண்டாம் சந்திப்பில் 17 வயதை எட்டியிருக்கும் என்பதால், பள்ளியை விட்டு நின்றது எப்போது, சிரமம் தொடங்கியது அதற்கு முன்பா பின்பா என்று ஆராய ஓரளவு இடம் உண்டு.

நாட்டில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? ஒவ்வோர் ஆய்வும் ஏன் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 விழுக்காடு என்றது. 76ஆம் சுற்று 2.2 விழுக்காடு என்றது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் அது ஏறத்தாழ 1 விழுக்காடாகச் சுருங்கியது. உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் 16 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்கிறது. கேள்வி மாறும்போது எண்ணும் மாறுகிறது என்பதற்கு நம் மாநிலத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 16,42,497 மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். 2011இல் அது 11,79,963 ஆகக் குறைந்தது. பத்தாண்டில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எங்கே போனார்கள்? வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பார்வைக் குறைபாடு 9,64,063இலிருந்து 1,27,405ஆகச் சரிந்திருக்கிறது. அதே காலத்தில் செவித்திறன் குறைபாடு 72,636இலிருந்து 2,20,241ஆக மூன்று மடங்காகியிருக்கிறது. தமிழ்நாட்டின் கண் மருத்துவமனைகளைப் பாராட்டத் தோன்றலாம்; ஆனால் காதுகள் மட்டும் ஏன் கெட்டன என்ற கேள்விக்கு அந்தப் பாராட்டு விடை தராது. 2001இல் ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவரும் பார்வைக் குறைபாடு உடையவராகக் கொள்ளப்பட்டார், 2011இல் கொள்ளப்படவில்லை. 2001இல் காதுக்கருவி அணிந்தவர் கணக்கில் வரவில்லை, 2011இல் வந்தார். ஐந்தாக இருந்த வகைகள் எட்டாகி, ‘வேறு’ என்னும் புதிய பெட்டியில் மட்டும் தமிழ்நாட்டில் 2,38,392 பேர் சேர்ந்தார்கள். விதி மாற்றங்கள் மட்டுமே இவ்வளவு பெரிய சரிவை முழுமையாக விளக்கிவிடும் என்று நான் எண்ணவில்லை. கேள்வியின் சொல்லமைப்பும் கணக்கெடுப்பாளர் பெற்ற பயிற்சியும் சேர்ந்தே இதை உண்டாக்கியிருக்கும். எப்படியாயினும் இந்த இரண்டு ஆண்டுகளின் எண்களைக் கோடுபோட்டு இணைத்து ‘குறைந்துவருகிறது’ என்று எழுதக் கூடாது.

வாஷிங்டன் குழுவின் கேள்விகள் என்று சொல்கிறார்களே, அவை எதில் மேலானவை?

ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின்கீழ் 2001இல் உருவான அந்தக் குழு, குறையின் பெயரைக் கேட்காமல் செயலைக் கேட்கச் சொன்னது. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் அல்லது கவனம் செலுத்துதல், தன்னைத் தானே பேணிக்கொள்ளுதல், பிறரோடு கருத்துப் பரிமாறுதல் என ஆறு செயல்கள். ஒவ்வொன்றுக்கும் ‘சிரமம் இல்லை, சற்றுச் சிரமம், மிகுந்த சிரமம், அறவே முடியாது’ என நான்கு விடைகள். ஏதேனும் ஒரு செயலில் மிகுந்த சிரமம் அல்லது அதற்கு மேல் என்றால் அவர் கணக்கில் வருவார்.

வேறுபாட்டை வீட்டு வாசலில் நின்று பார்த்தால்தான் புரியும். “உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளிகள் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டால், திருமண வயதில் பெண் இருக்கும் வீட்டில் “அப்படியெல்லாம் யாரும் இல்லை” என்றுதான் விடை வரும். “கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கிறதா?” என்று ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் கேட்டால், அதே வீட்டில் வேறு விடை கிடைக்கிறது.

ஆனால் இளைஞர்களைப் பொறுத்தவரை இந்த ஆறு கேள்விகளும் போதுமானவை அல்ல. மனச்சோர்வு, பதற்றம், நண்பர்களோடு பழகுவதில் தடை ஆகியவை இவற்றில் சிக்குவதில்லை. அதனால் யுனிசெஃப் அமைப்புடன் சேர்ந்து 2 முதல் 17 வயதுவரையானவர்களுக்குத் தனி வினாத்தொகுதி ஒன்று 2016இல் வெளியிடப்பட்டது. உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள், அதாவது பத்தில் ஒருவர், குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று யுனிசெஃப் 2021இல் கணித்தது அத்தகைய தரவைக் கொண்டுதான். 18 வயது நிரம்பியதும் அந்த வினாத்தொகுதி பொருந்தாமல் போகிறது. 17 வயதில் மனச்சோர்வுக்காகக் கணக்கில் வந்தவர், ஆறு கேள்விகள் மட்டுமே கேட்கும் ஆய்வில் 18 வயதில் கணக்கிலிருந்து விழுந்துவிடக்கூடும். இரு வயதுப் பிரிவுகளையும் ஒட்டவைத்து வரைபடம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘இளைஞர்’ என்றால் எந்த வயது?

ஐக்கிய நாடுகள் அவைக்கு 15-24. இந்தியாவின் 2014ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கைக்கு 15-29. அதற்கு முந்தைய 2003ஆம் ஆண்டுக் கொள்கைக்கு 13-35. மாற்றுத்திறனாளிகள் பற்றிய 2011 கணக்கெடுப்பு அட்டவணைகளோ 10-19, 20-29 என்று பிரித்திருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளில் 17 விழுக்காட்டினர் முதல் பிரிவிலும் 16 விழுக்காட்டினர் அடுத்த பிரிவிலும் இருந்தனர். அச்சிட்ட அட்டவணையிலிருந்து 15-29 வயதினரைப் பிரித்தெடுக்க முடியாது. ஆள்வாரியான அலகுநிலைத் தரவு இருந்தால் மட்டுமே முடியும்.

கேள்விகளுக்கு விடை சொல்பவர் யார்?

பெரும்பாலும் அந்த இளைஞர் அல்லர். வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர், பல நேரங்களில் குடும்பத் தலைவர், எல்லோருக்காகவும் சொல்கிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் மகனைப் பற்றித் தந்தை சொல்வது சரியாகவே இருக்கும். மகளுக்கு வகுப்பில் கரும்பலகை தெரிவதில்லை என்பதோ, மகன் பல மாதங்களாக உறக்கமின்றித் தவிக்கிறான் என்பதோ அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். வெளியே தெரியாத குறைபாடுகள் இளவயதினரிடம் இப்படித்தான் குறைத்து எண்ணப்படுகின்றன. விடை சொன்னவர் யார் என்ற குறிப்பு தரவில் இருந்தால், தாமே சொன்னவர்களையும் பிறர் சொன்னவர்களையும் பிரித்துக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. வேலை தேடினாரா, ஏன் தேடவில்லை என்பன போன்ற மனநிலை சார்ந்த கேள்விகளில் இந்தப் பிரிப்பு இன்றியமையாதது.

தரவைத் திறந்தவுடன் நேராக எண்ணிப் பார்த்தால் என்ன தவறு?

76ஆம் சுற்றில் 1,18,152 குடும்பங்களில் 5,76,569 பேர் கணக்கில் எடுக்கப்பட்டனர்; அவர்களுள் 1,06,894 பேர் மாற்றுத்திறனாளிகள். நேராக வகுத்தால் 18.5 விழுக்காடு வரும். உண்மையான மதிப்பீடு 2.2 விழுக்காடு. தேர்ந்தெடுத்த ஊரில் முதலில் வீடுகளைப் பட்டியலிட்டு, மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளைத் திட்டமிட்டே மிகுதியாகச் சேர்த்ததால் வந்த வேறுபாடு இது. மாதிரியில் உள்ள ஒரு வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்குச் சமம் என்று காட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்பட்டிருக்கும் பெருக்கெண்ணைப் பயன்படுத்தினால்தான் அந்த மிகை சரியாகும். பெருக்கெண்ணை 100ஆல் வகுக்க வேண்டுமா, 200ஆல் வகுக்க வேண்டுமா என்பது துணைமாதிரியைப் பொறுத்துச் சுற்றுக்குச் சுற்று குறிப்பேட்டில் சொல்லப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் கணினியில் கட்டளை எழுதத் தொடங்கக் கூடாது. மேலும், ஒரே ஊரிலிருந்து பல வீடுகள் எடுக்கப்படுவதால் அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். மென்பொருளுக்கு ஊரும், மாதிரி எடுப்பதற்காக ஊர்களைப் பிரித்த அடுக்கும் எவை என்று தெரிவிக்காவிட்டால் பிழை வரம்பு உள்ளதைவிடச் சிறியதாகத் தோன்றும்.

பொதுவான ஆய்வு ஒன்றிலிருந்து மாற்றுத்திறனாளி இளைஞர்களை மட்டும் பிரித்தெடுக்கலாமா?

எடுக்கலாம், எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, ஓர் ஆய்வில் 10,000 குடும்பங்கள், வீட்டுக்கு நான்கு பேர், அவர்களில் கால்பங்கினர் 15-29 வயதினர் என்று கொள்வோம். 10,000 இளைஞர்கள். அவர்களில் நூற்றுக்கு 1.5 பேர் மாற்றுத்திறனாளிகள் என்றால் 150 பேர். ஆண், பெண் என்றும் நகர்ப்புறம், கிராமப்புறம் என்றும் பிரித்தால் ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 38 பேர்கூட முழுதாக இருக்கமாட்டார்கள். அந்தக் கட்டத்தில் பாதிப்பேர் படித்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்தால், உண்மை 34 விழுக்காட்டுக்கும் 66 விழுக்காட்டுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஊர்த் தொகுப்பின் விளைவையும் சேர்த்தால் அந்த இடைவெளி இன்னும் விரியும். பார்வைக் குறைபாடுள்ள கிராமப்புறப் பெண்கள் என்று ஒரு படி மேலும் இறங்கினால் எஞ்சுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவ்வாறு வரும் எண்ணை அட்டவணையில் அச்சிடாமல் விடுவதே முறை. இரண்டு சுற்றுகளைச் சேர்ப்பதோ வயது வரம்பை அகலப்படுத்துவதோ மாற்று வழிகள்.

கல்வி, வேலை பற்றிய அறிக்கை எண்களை எப்படிப் படிப்பது?

வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். மிகுதியான பிழைகள் நேர்வது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

7 வயதும் அதற்கு மேலும் ஆன மாற்றுத்திறனாளிகளில் 52.2 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றவர்கள் என்கிறது 76ஆம் சுற்று. இதைப் பொதுமக்களின் எழுத்தறிவோடு ஒப்பிட்டு, இளைஞர்களின் கல்விக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகளில் முதியோர் பங்கு மிகுதி. அவர்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் குறைபாடு இல்லாதவர்களில் பலரும் பள்ளிக்குச் செல்லவில்லை. முதுமையில் பார்வை மங்கிய ஒருவர் கையெழுத்துப் போடத் தெரியாதவராக இருப்பதற்கு அந்தப் பார்வைக் குறைபாடு காரணமன்று. 15-19 வயதினரை 15-19 வயதினரோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். குறைபாடு எந்த வயதில் தொடங்கியது என்றும் 76ஆம் சுற்று கேட்டிருப்பதால், பள்ளி வயதுக்கு முன்பே தொடங்கியவர்களைப் பிரித்துப் பார்க்க முடியும்.

3-35 வயதினரில் 62.9 விழுக்காட்டினர் சாதாரணப் பள்ளியில் எப்போதேனும் சேர்க்கப்பட்டவர்கள். ‘எப்போதேனும்’ என்பதை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்: மூன்றாம் வகுப்போடு நின்றவரும் இதில் இருக்கிறார், இன்னும் பள்ளி செல்லும் வயதுக்கு முழுமையாக வராத மூன்று வயதுக் குழந்தையும் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. அதே அறிக்கையில் சிறப்புப் பள்ளி பற்றி 4.1 விழுக்காடு என்று ஓர் எண் வருகிறது. அது எல்லா மாற்றுத்திறனாளிகளையும் அடிப்படையாகக் கொண்டதன்று. சாதாரணப் பள்ளியில் சேராதவர்களையும் சேர்ந்து இப்போது செல்லாதவர்களையும் மட்டும் அடிப்படையாகக் கொண்டது. ஆகவே 62.9ஐயும் 4.1ஐயும் கூட்டி, மிச்சமிருப்போர் படிக்காதவர்கள் என்று சொல்ல இயலாது.

வேலை பற்றிய எண் இன்னும் ஏமாற்றக்கூடியது. 15 வயதும் அதற்கு மேலும் ஆன மாற்றுத்திறனாளிகளில் வேலையின்மை 4.2 விழுக்காடு என்று படித்தால் நிலைமை நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் வேலைச் சந்தையில் இருப்பவர்களே, அதாவது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்தே, 23.8 விழுக்காட்டினர், வேலையில் இருப்பவர்கள் 22.8 விழுக்காட்டினர். அந்த ஒரு புள்ளி வேறுபாட்டை 23.8ஆல் வகுத்ததுதான் 4.2. எஞ்சிய நூற்றுக்கு 76 பேர் வேலை தேடுபவராகவே கருதப்படவில்லை. கிடைக்காது என்று தேடுவதைக் கைவிட்ட பட்டதாரி இளைஞரும் அந்த 76க்குள் இருக்கிறார். இளைஞர்களுக்கு, படிப்பிலும் வேலையிலும் பயிற்சியிலும் இல்லாதவர்களின் பங்கைக் கணக்கிடுவது இதைவிட நேர்மையான அளவாகும்.

குறைபாடு இல்லாத இளைஞர்களோடு ஒப்பிடும்போது குடும்பப் பின்னணியை எப்படிச் சமப்படுத்துவது?

குடும்ப ஆய்வின் மிகப் பெரிய வசதியே இங்குதான் இருக்கிறது: உடன்பிறந்தவர்களும் அதே கோப்பில் இருக்கிறார்கள். ஒரே தாய்தந்தை, ஒரே வருமானம், அருகில் அதே பள்ளி. அண்ணன் பத்தாம் வகுப்பில் படிக்க, கேட்கும் திறன் குறைந்த தங்கை ஐந்தோடு நின்றிருந்தால், அந்த இடைவெளிக்கு வறுமையையோ ஊரையோ மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வயதையும் பாலினத்தையும் கணக்கில் கொண்டு, ஒரே வீட்டுக்குள் ஒப்பிடும் முறையைப் பரிந்துரைக்கிறேன். அதற்கும் எல்லை உண்டு. இம்முறை வீட்டிலேயே தங்கியிருக்கும் உடன்பிறந்தவர்களை மட்டுமே பார்க்கிறது. திருமணமாகிப் போன அக்காவும் வேலைக்காகத் திருப்பூர் போன அண்ணனும் அதில் இல்லை. வயது ஏற ஏற இந்தக் குறை பெரிதாவதால், 20 வயதுக்குக் கீழே இம்முறையை நம்பலாம். 25ஐத் தாண்டினால் தயக்கம் வேண்டும்.

வறுமை குறைபாட்டுக்குக் காரணமா, குறைபாடு வறுமைக்குக் காரணமா?

ஒருமுறை மட்டும் எடுத்த ஆய்வால் இதைத் தீர்க்க முடியாது. கூடுதலாக ஒரு சிக்கல்: இந்திய ஆய்வுகள் பலவும் வருமானத்துக்குப் பதிலாகக் குடும்பச் செலவைக் கேட்கின்றன. மருந்து, பிசியோதெரபி, பள்ளிக்கு ஆட்டோ என்று செலவு கூடும் குடும்பம், செலவுக் கணக்கில் வசதியான குடும்பமாகத் தெரியும். வீடு, நிலம், வண்டி போன்ற சொத்துகளைக் கொண்டு நிலையை அளப்பது ஓரளவு பாதுகாப்பானது.

குடும்ப ஆய்வில் விடுபடுவோர் யார்?

குடும்பமாக வாழாதவர்கள். தேசிய மாதிரி ஆய்வின் வழக்கப்படி ஆதரவற்றோர் இல்லங்கள், மீட்பு இல்லங்கள் போன்றவற்றில் இருப்போர் பொதுவாக ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். மாணவர் விடுதியில் தங்கியிருப்பவரோ தனித்தனியே ஓர் ஆள் குடும்பமாகக் கொள்ளப்படுகிறார். ஊரில் பள்ளி இல்லாமல் விடுதியில் தங்கிப் படிக்கும் செவித்திறன் குறைந்த மாணவி, பெற்றோரின் வீட்டுப் பட்டியலில் இருக்கமாட்டார். தாயின் படிப்பும் தந்தையின் தொழிலும் அவருடைய பதிவில் இருக்காது. படிப்பில் முன்னேறியவர்களே இப்படி வீட்டிலிருந்து பிரிந்து போவதால், வீட்டில் எஞ்சியவர்களை மட்டும் பார்ப்பது நிலைமையை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். இல்லங்களில் கைவிடப்பட்டவர்கள் விடுபடுவது அதற்கு நேர்மாறான பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று எண்ணிக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

மாவட்ட அளவில் எண்கள் கிடைக்குமா? தரவை எங்கே பெறுவது?

76ஆம் சுற்று மாநில அளவில் மதிப்பிட வடிவமைக்கப்பட்டது; மாவட்டத்துக்கு, அதிலும் இளைஞர்களுக்கு மட்டும், அதை நம்பக் கூடாது. மாவட்டத்துக்கு இன்றும் 2011 கணக்கெடுப்பையே நாடவேண்டியிருக்கிறது. அலகுநிலைத் தரவை மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் நுண்தரவு இணையதளத்தில் பதிவுசெய்து கட்டணமின்றிப் பெறலாம். கோப்புகள் இடைவெளியில்லாத எண் வரிசைகளாக இருக்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை எந்த விவரம் என்பது உடன்வரும் அமைப்புக் குறிப்பில் உள்ளது. பெயர்கள் நீக்கப்பட்டிருந்தாலும், ஒரு மாவட்டம், ஒரு வயது, ஓர் அரிய குறைபாடு, ஒரு சாதிப்பிரிவு ஆகியவற்றைச் சேர்த்தால் ஓர் இளைஞரை அவருடைய ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். ஆகவே ஐந்துக்கும் குறைவானவர்கள் உள்ள கட்டங்களை வெளியிடும் அட்டவணைகளில் வெறுமையாக விட்டுவிடுங்கள்.